மறுமொழி: எரிவாயு வால்வு ‘இறுக்கம்’ – ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> கேம்பர் வேன் (படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள பயண வண்டி) கையேட்டில், புரோப்பேன் வால்வு திரும்பாமல் நின்றுவிடுவதை ‘ஓரதர் இறுக்கம்’ எனலாமா?

வால்வுக்கு ‘ஓரதர்’ என்பது எனக்கு உறுத்துகிறது. ஓர் அதர் என்றால் ஒரே வழி. இரத்தம் பின்னால் வராமல் தடுக்கும் இதய வால்வுக்கு அது கச்சிதம். சிலிண்டர் தலையில் இருப்பதோ கையால் திருகி மூடுவது. பல சிலிண்டர்களில் வாயுவை நிரப்புவதும் அதே வழியாகத்தான். ‘திருகடைப்பு’ என்று வைக்கலாமே.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘இறுக்கம்’. மூடியபடி இறுகினால் அடுப்பு எரியாது, அவ்வளவுதான். திறந்தபடி இறுகினால் கதையே வேறு. புரோப்பேன் காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கு கனம். கசிந்தால் வேனின் தரையில், கட்டிலுக்கடியில் போய்த் தேங்கும். காற்றில் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பதற வேண்டியதா இல்லையா என்பதைச் சொல்லே காட்டட்டும்: திறந்திறுகல், மூடியிறுகல்.

திறந்திறுகலின்கீழ்க் கையேடு சொல்ல வேண்டியது: அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றின் குமிழையும் மூடுங்கள். வால்வு திறந்திருக்கையில் ரெகுலேட்டரைக் கழற்றவே கூடாது. வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறி, தள்ளி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். வாடையே இல்லாவிட்டாலும் அன்று வேனில் படுக்கக் கூடாது. இரண்டு வகைக்கும் பொது: குறடு போட்டு முறுக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள், சுடவைக்காதீர்கள். பிடி கைக்கு அசையவில்லை என்றால் அது எரிவாயுப் பணியாளரின் வேலை.

இறுகாததையும் இறுகியதாக நினைப்பவர்கள் உண்டு. சிலவகைச் சிலிண்டர்களில் ரெகுலேட்டர் நட்டு இடம்புரி மரை (இடப்பக்கம் திருகினால் இறுகும்), வால்வுப் பிடி வலம்புரி (வலப்பக்கம் திருகினால் இறுகும்). பழக்கத்தில் நட்டையும் வலம்புரியாக நினைத்துக் கழற்றப் போனால், கழற்றக் கழற்ற இறுகும். (சங்குக்குத்தான் இந்தச் சொற்கள் என்று யார் சொன்னது?) இன்னொன்று, வால்வைச் சடாரென்று திறந்தால் உள்ளிருக்கும் மிகையோட்டத் தடுப்பு (வாயு அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தடுக்கும் அமைப்பு) அடைத்துக்கொண்டு, அடுப்பு மினுக் மினுக்கென்று எரியும். எல்லாவற்றையும் மூடி, சில நிமிடம் விட்டு, மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். இதற்கு ‘பாய்வடைப்பு’ என்று தனிப்பெயர் வேண்டும். இறுகல் கணக்கில் சேர்க்கக் கூடாது.

> பட்டறையில் ‘ஜாம் ஆயிடுச்சு’ என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்லட்டும். பழுது பார்ப்பவர் வால்வை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறார், அவருக்கு அது போதும். போனில் கேட்பவருக்குத் திறந்தா மூடியா என்று தெரிந்தாக வேண்டும். ‘திறந்திறுகல்’ நாக்கில் புரளவில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். இதே பிரிவோடு வேறு சொல் கொடுங்கள்.

கேம்பர் வேனுக்கு என்ன பெயர் என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.