கம்ப்யூட்டர் பேப்பர் பிரிக்க மெஷின்: பர்ஸ்டரா, டிகொலேட்டரா, இரண்டுமா? (காரைக்குடி)

பேரேடு_காரைக்குடி:

வணக்கம். நகைக்கடன் அலுவலகத்துக்காகக் கேட்கிறேன். தலைமை காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூரில் கிளை. அச்சு முழுக்க டாட் மேட்ரிக்ஸ், ஓரத்தில் துளை போட்ட தொடர்தாள்தான். மூன்று வகை ஓடுகிறது.

அடகு ரசீது: 10க்கு 6 இஞ்ச், மூன்று பிளை என்சிஆர் (கார்பன் தாள் இல்லாமலே நகல் விழும் மூன்று அடுக்குத் தாள்). மூன்று இடமும் சேர்த்து நாளுக்கு 250 முதல் 300.

வட்டி நோட்டீஸ்: 10க்கு 12, ஒற்றைத் தாள். மாதம் 4,000 வரை. காரைக்குடியில் மட்டும். மாதப் பிறப்பில் மூன்று நாளுக்குள் அடித்து, பிரித்து, மடித்து, கவரில் போட்டுத் தபாலில் சேர்த்தாக வேண்டும்.

பேரேடு: 15க்கு 12, ஒற்றை. மாதம் 600 தாள்.

இப்போது எல்லாம் கையால்தான். ஓரப் பட்டையை உரிக்கும்போது தாளே கிழிகிறது, கோணலாகப் பிரிகிறது. பர்ஸ்டருக்கு ஒரு கொட்டேஷன், டிகொலேட்டருக்கு ஒரு கொட்டேஷன் கையில் இருக்கிறது. விற்பவர் இரண்டும் சேர்த்து வாங்கச் சொல்கிறார். சென்னையில் பழைய இறக்குமதி பர்ஸ்டர் ஒன்றும் விலைக்கு வருகிறது: நிமிடத்துக்கு 150 அடி, 110 வோல்ட். எதை வைத்து முடிவு செய்வது? அச்சடித்த ஃபாரம் ஒரு வருடத்துக்கு இருப்பு இருக்கிறது, அதனால் லேசருக்கு மாறுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ரிப்பன்_மதுரை:

சார், முதலில் இரண்டு மெஷினின் வேலையையும் வேறுபடுத்திப் பாருங்கள். பர்ஸ்டர், மடிப்பில் உள்ள குறுக்குத் துளைவரிசையில் தாளை ஒடித்துத் தனித்தனி ஃபாரமாக்கும். ஸ்லிட்டர் இருந்தால் இரண்டு ஓரமும் அதிலேயே வெட்டுப்பட்டுவிடும். டிகொலேட்டர் வேலை வேறு. மூன்று பிளையாக வரும் கட்டை அடுக்கு அடுக்காகப் பிரித்து, முதல் பிளை ஒரு தட்டில், இரண்டாவது இன்னொன்றில் என்று அடுக்கும். நடுவில் கார்பன் இருந்தால் அதைத் தனியாகச் சுற்றி எடுக்கும். ஆயிரக்கணக்கில் ஒரே மூச்சில் அடித்து, நகல்களை வெவ்வேறு இடத்துக்கு அனுப்புகிற அலுவலகத்துக்கு அது தேவை.

உங்கள் ரசீது அந்த வகை இல்லை. கடன் வாங்குபவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அடித்து, கையெழுத்து வாங்கி, அவர் பிரதியை அவரிடம் கொடுப்பது. கத்தையாகச் சேர்த்து மெஷினில் விட வழியே கிடையாது. ஆகவே டிகொலேட்டர் கொட்டேஷனை ஓரமாக வையுங்கள்.

ரசீதுக்கு வேண்டியது பிரிண்டரில் சரியான செட்டிங். 6 இஞ்ச் ஃபாரத்துக்குப் பக்க நீளம் 36 வரி (இஞ்சுக்கு 6 வரி கணக்கு). நிறைய சாஃப்ட்வேரில் 66 வரி, அதாவது 11 இஞ்ச், என்றே விட்டு வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் துளைவரிசை மேலேயே எழுத்து விழும், கிழிக்கும் இடமும் பக்கத்துக்குப் பக்கம் நகரும். பக்க நீளம் சரியானதும் பிரிண்டர் மெனுவில் ஆட்டோ டேர்-ஆஃப் போட்டுவிடுங்கள். அடித்து முடித்ததும் துளைவரிசை கிழிக்கும் பட்டிக்கு நேராக வந்து நிற்கும். கிழிக்கும்போது நேராக மேலே இழுக்கக் கூடாது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பட்டியோடு ஒட்டி இழுக்க வேண்டும். கிளைகளில் எல்லோரும் நேராக இழுத்து டிராக்டர் பல்லை (ஓரத் துளையில் மாட்டித் தாளை நகர்த்தும் பல்) உடைத்து வைத்திருப்பார்கள்.

பேரேட்டைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஓரத் துளைகளில் நைலான் கம்பி நுழைத்துக் கட்டுகிற கம்ப்யூட்டர் பைண்டர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். மடிப்போடு கட்டினால் வரிசை மாறாது, ஒரு தாள் உருவப்பட்டாலும் தெரிந்துவிடும். தணிக்கைக்கு அதுதான் நல்லது.

மிச்சம் இருப்பது நோட்டீஸ் ஒன்றுதான். 4,000 தாள், தாளுக்கு ஒரு அடி, மொத்தம் 4,000 அடி. நிமிடத்துக்கு 50 அடி ஓடும் மேஜை மாடலே 80 நிமிடத்தில் முடிக்கும். சிக்கல், கட்டு மாற்றுவது எல்லாம் சேர்த்து இரட்டிப்பு நேரம் பிடித்தாலும் அரை நாள் ஆகாது. 150 அடி மெஷினுக்கு உங்களிடம் வேலை இல்லை.

ஸ்லிட்டர் மட்டும் கட்டாயம் இருக்கட்டும். 10 இஞ்சில் இரு பக்கமும் அரை இஞ்ச் போனால் 9 இஞ்ச். 12ஐ மூன்றாக மடித்தால் 4. 9½க்கு 4¼ கவரில் சிரமமில்லாமல் போகும். ஓரம் போகாவிட்டால் கவரில் நுழையாது.

அச்சுக்கூடம்_சிவகாசி:

மேலே சொன்னது சரி. ஆனால் மெஷினைப் பார்க்கும் முன் தாளைப் பாருங்கள். பர்ஸ்டரில் வரும் தகராறில் பெரும்பகுதி துளைவரிசையில்தான் இருக்கிறது.

இருப்பில் உள்ள நோட்டீஸிலிருந்து, வெவ்வேறு பெட்டியில் பத்துப் பத்து தாள் எடுங்கள். மடிப்பின் இரு பக்கமும் பிடித்து விசுக்கென்று ஒரு இழுப்பு. அகலம் முழுக்க ஒரே நேரத்தில் ‘டப்’ என்று விட்டால் பர்ஸ்டருக்கு ஏற்ற தாள். ஒரு முனையில் ஆரம்பித்து மெல்ல மெல்லப் பிரிந்தால் வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் உள்ள பிடி அதிகம். மெஷினில் துளைவரிசையை விட்டு விலகி உள்ளே கிழியும். தொட்டாலே விட்டால் வெட்டு அதிகம். பிரிண்டரிலேயே பிரிந்து சிக்கும். அடுத்த ஆர்டரில் பிரஸ்ஸிடம் “பர்ஸ்டரில் ஓடும் தாள்” என்று எழுதிக் கொடுங்கள். கையால் கிழிக்கிற தாளுக்கும் அதற்கும் பிளேடு வேறு.

இன்னொன்று. 6 இஞ்ச் ஃபாரத்தைப் பெரும்பாலும் 12 இஞ்சுக்கு ஒரு மடிப்பாகத்தான் மடிப்போம். மடிந்த துளைவரிசை லேசில் விடும், நடுவில் மடியாமல் இருப்பது முரண்டு பிடிக்கும். ரசீது ஒன்று விட்டு ஒன்று கோணலாகக் கிழிகிறது என்றால் காரணம் அதுதான், கவுண்டரில் இருப்பவர் கை அல்ல.

மூன்று பிளை ரசீதில் பிளைகளை ஒட்டியிருப்பது எந்த ஓரத்தில் என்றும் பாருங்கள். இரண்டு ஓரப் பட்டையிலும் பசை இருந்தால், பட்டை போனவுடன் மூன்றும் தனித்தனியாகச் சிதறும். கையெழுத்து ஆகும்வரை சேர்ந்திருக்க வேண்டுமென்றால் இடது பட்டைக்கு உள்ளே ஒரு கோடு பசை போடச் சொல்லுங்கள்.

கண்டனூரான்:

மாதம் ஒரு நாள் வேலைக்கு மெஷின் எதற்கு அண்ணே? காரைக்குடியிலேயே எந்த பிரஸ்ஸுக்குப் போனாலும் கட்டிங் மெஷின் இருக்கிறது. மடிப்போடு கட்டாக வைத்து நாலு பக்கமும் ஒரு வெட்டு. 4,000 தாளும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். துளைவரிசையின் பிசிறும் இருக்காது.

அச்சுக்கூடம்_சிவகாசி:

கண்டனூரான் சொல்வது ஒற்றைத் தாளுக்கு நல்ல வழிதான், மறுக்கவில்லை. மூன்று விஷயம் கவனம். மடிப்பு ஓரத்தில் ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீட்டராவது போகும், 12 இஞ்ச் தாள் அந்த அளவு குறையும். முதல் வரியும் கடைசி வரியும் விளிம்பை ஒட்டி இருந்தால் எழுத்து வெட்டுப்படும். இரண்டு, மடிப்பு ஓரம் உப்பியிருக்கும், நடு பள்ளமாக இருக்கும். 100 தாளுக்கு மேல் ஒரே கட்டாக வைத்தால் அடித்தாள் நகர்ந்து கோணும். மூன்று, என்சிஆர் ரசீதை மட்டும் அப்படி வெட்டிவிடாதீர்கள். கட்டிங் மெஷினின் அழுத்துப் பட்டி இறங்கும் இடத்தில் அடிப்பிளை முழுக்க நீலப் பட்டை விழும். எழுத்து பதிவதும் அழுத்தத்தால்தானே.

வாடிக்கையாளர் பெயரும் கடன் தொகையும் உள்ள தாள் வெளியே போகிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆள் கூடவே நின்று வெட்டி வாங்கி வர வேண்டும்.

பேரேடு_காரைக்குடி:

நன்றி. தாள் வெளியே போவதை முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பத்துத் தாள் சோதனை செய்தேன்: மூன்று பெட்டி ‘டப்’ ரகம், ஒரு பெட்டி மெல்லப் பிரிகிறது. 150 அடி இறக்குமதி மெஷின் விலை புது மேஜை மாடலைவிடக் குறைவு, அதனால்தான் மனசு இழுக்கிறது. எதையெதைப் பார்க்க வேண்டும்?

ரிப்பன்_மதுரை:

110 வோல்ட் மெஷின் என்றால் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. சாதாரண ஏசி மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும்: 150 அடி 125 ஆகிவிடும், மோட்டாரும் கூடுதலாகச் சூடேறும். வாங்குவதானால் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஓடும் வாட்டைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். கிளம்பும்போது மோட்டார் அவ்வளவு இழுக்கும். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் சொருகவே கூடாது.

அடுத்தது அளவு. அமெரிக்க மெஷினில் குறித்து வைத்திருக்கும் நீளங்கள் 11, 8½ என்று அவர்கள் தாளுக்கானவை. நமக்கு 12. அளவுகோலில் 12க்கு நகர்த்த முடிகிறதா, நிறுத்தினால் திருகு இறுகி நிற்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் தாளின் ஓரத் துளையை எண்ணுங்கள். துளைக்குத் துளை அரை இஞ்ச், 12 இஞ்சுக்கு 24 துளை. 22 வந்தால் அது 11 இஞ்ச் தாள். ஸ்கேலை நம்புவதைவிட இது சுத்தம்.

உள்ளே நடப்பது இதுதான்: தாள் முதலில் மெதுவாகச் சுற்றும் ரப்பர் உருளை ஜோடிக்குள் போகும், அடுத்து வேகமாகச் சுற்றும் ஜோடிக்குள். தாளின் தலை வேக உருளையில் சிக்கும்போது, அதன் வால் துளைவரிசை மெதுவுருளையைத் தாண்டி வந்திருக்க வேண்டும். அப்போதுதான் இழுப்பு துளைவரிசையில் விழும். அதனால் இரண்டு ஜோடிக்கும் இடைவெளி ஃபார நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். குறைந்தால் துளைவரிசை இன்னும் மெதுவுருளையைத் தாண்டியிருக்காது. வேக உருளை தாள் மேல் வழுக்கி எழுத்தைத் தேய்க்கும், அல்லது நடுத்தாளைக் கிழிக்கும். ரொம்பக் கூடினால் இரண்டு துளைவரிசை இடையில் மாட்டும். 12க்கு வைத்த மெஷினில் 6 இஞ்ச் ஃபாரம் விட்டால் ஜோடி ஜோடியாக ஒட்டி வருவது இதனால்தான்.

செட் செய்யும் வரிசை: நீளம், பிறகு டிராக்டர் அகலம், பிறகு ஸ்லிட்டர், கடைசியாக உருளை அழுத்தம். அழுத்தத்தைக் குறைவாக ஆரம்பித்து, பத்துத் தாள் விட்டு, ஒடியாவிட்டால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முதலிலேயே இறுக்கினால் தாளில் உருளைத் தடம் விழும். மெல்லப் பிரிகிற அந்த ஒரு பெட்டியை இதில் விடாதீர்கள், கையால் பிரிக்க ஒதுக்கிவிடுங்கள்.

ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கண்ணாடி போல் பளபளத்துக் கெட்டியாக இருந்தால் ஆயுள் முடிந்தது. ரப்பர் ஏற்றித் தர சிவகாசியில் ஆள் உண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஸ்லிட்டரின் வட்ட பிளேடுதான் கிடைக்காது; அதன் வெளி விட்டம், உள் துளை, கனம் மூன்றையும் அளந்து, இங்கே செய்து தர ஆள் இருக்கிறார்களா என்று விசாரித்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

மில்_கணக்கு_புதுவயல்:

ரைஸ்மில் ஆபீஸில் பர்ஸ்டர் ஓடுகிற இடத்திலிருந்து சொல்கிறேன். தூசிதான் முதல் எதிரி. எங்களுக்குத் தவிட்டுத் தூசி, உங்களுக்கு ஸ்லிட்டர் விடும் தாள் தூசி. உருளையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், பெட்ரோலோ தின்னரோ வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

ஐப்பசி கார்த்திகையில் தாள் ஈரம் குடிக்கும். துளைவரிசை ஒடியாமல் இழுபடும், ஓரத் துளை பெரிதாகி டிராக்டர் பல்லில் நிற்காது. பெட்டியை சுவரோடும் தரையோடும் ஒட்டி வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள், திறந்த பெட்டியில் மீதியுள்ள தாளைப் பாலிதீனில் மூடுங்கள். சித்திரையில் இதற்கு நேர்மாறு: தாள் காய்ந்து, நிலைமின்சாரம் ஏறி, தட்டில் அடுக்காமல் ஒன்றோடொன்று ஒட்டும். மெஷினுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிவாயில் நிலைமின் பிரஷ் இருந்தால் அதன் இழை தாளை லேசாகத் தொட வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் தரையில் ஸ்டாண்டு அதிர்ந்து நகரும், நாலு காலுக்கும் ரப்பர் புஷ் போடுங்கள். பிரிக்க வேண்டிய தாள் கட்டு மெஷினுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு இஞ்ச் விலகினாலும் தாள் மேஜை விளிம்பில் உரசி ஒரு பக்கம் கிழியும். வெட்டிய ஓரப் பட்டை விழ அடியில் சாக்கு கட்டுங்கள், அது நிரம்பி மேலே வந்தால் உருளையில் சுற்றிக்கொள்ளும். மேல்துண்டு, தொங்கும் ஐடி கார்டு போட்டுக்கொண்டு மூடியைத் திறக்க விடாதீர்கள்.

பேரேடு_காரைக்குடி:

டிகொலேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்லிட்டரோடு கூடிய 50 அடி மேஜை மாடலுக்கு மட்டும் கேட்கப் போகிறேன். டெமோவுக்கு என்ன தாள் கொண்டு போவது?

ரிப்பன்_மதுரை:

அவர்கள் வெள்ளைத் தாள் வைத்திருப்பார்கள், அதில் எல்லா மெஷினும் ஓடும். உங்கள் நோட்டீஸையே அச்சடித்து 200 தாள் தொடர்ச்சியாக, பெட்டியின் மேலிருந்து 100, அடியிலிருந்து 100. அடித்தாளில்தான் மடிப்பு நசுங்கியிருக்கும். ஓடி முடிந்ததும் கட்டைத் தட்டி நிமிர்த்தி ஓரத்தைப் பாருங்கள்: ஸ்லிட்டர் வெட்டு ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும், பிசிறு இருந்தால் பிளேடு மழுங்கல். கடைசித் தாளை மறக்காதீர்கள். பின்னால் இழுத்துப் பிடிக்கக் கட்டு இல்லாததால் சில மெஷினில் அது கோணலாக வரும். அதற்கு இரண்டு காலித் தாளைச் சேர்த்தே அடித்து விட்டால் போதும். ஒரு செட் ஸ்லிட்டர் பிளேடும் ஒரு பெல்ட்டும் பில்லிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள்.