வெளிச்சம் இருந்தும் இருட்டு: பெட்ரூம், அதை ஒட்டிய உட்காரும் இடம் – உங்கள் அனுபவம்

தாம்பரம்_மகன்:

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. பெட்ரூம் கதவைத் தாண்டினால் ஒரு நாற்காலி, ஒரு டீப்பாய் போடுகிற அளவுக்கு இடம் இருக்குமே, அங்கேதான் அவர் பேப்பர் படிப்பார். டியூப்லைட் அவர் தலைக்குப் பின்னால், சுவர் உச்சியில். பேப்பரை விரித்தால் அவர் நிழலே அதன்மேல் விழும். "இப்பல்லாம் சரியா அச்சடிக்கறதே இல்லடா" என்பார். கடையில் 20 வாட்டை எடுத்துவிட்டு 40 வாட் போடச் சொன்னார்கள்.

அதை மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் எதுவும் சொல்லாமல் டியூப்பை அணைத்தார். தன் செல்போன் டார்ச்சை அப்பாவின் இடது தோளுக்கு மேல் ஒரு முழ தூரத்தில் பிடித்து, "இப்பப் படிங்க ஐயா" என்றார். அப்பா சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். வரி விளம்பரம். மேடவாக்கத்தில் 600 சதுர அடி, போர் தண்ணீர் உண்டு. நிறுத்தவே இல்லை. அடுத்த விளம்பரம், அதற்கும் அடுத்தது. அந்த மனிதரும் கை வலிக்க டார்ச்சைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

40 வாட் கடைக்கே திரும்பிப் போனது. நாற்காலிக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டுகிற லேம்ப் ஒன்று வந்தது. மாட்டுக்கூலி என்று அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சேலம்_அம்மா:

எங்கள் வீட்டில் ஃபால்ஸ் சீலிங். மகள் பிளஸ் டூ, ஒற்றைத் தலைவலி உண்டு. இன்டீரியர்காரர் பெட்ரூமில் அழகுக்கென்று சீலிங்கில் பதிக்கிற நாலு டவுன்லைட்டை ஃபேனைச் சுற்றியே வைத்துவிட்டார். வீட்டை ஒப்படைத்த அன்று மகள் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். ஃபேனைப் போட்டதும் "அம்மா, லைட் வெட்டுது" என்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். சுவர் முழுக்க இறக்கை நிழல் ஓடியது, பீரோ கண்ணாடியிலும் ஓடியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஃபேனை ரெண்டுல வச்சுக்கங்க மேடம், தெரியாது" என்றார். சேலத்தில், மே மாதத்தில்! இரண்டில் வைத்தால் இன்னும் மோசம்.

பக்கத்து சிட்டிங்கில் ஒரே லைட், அதுவும் மூலையில். இன்னொன்று வேண்டும் என்றதற்கு "அது பாசேஜ்தானே" என்றார். மகள் படிக்கிற இடம் அதுதான். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ராயபுரம்_73:

தாம்பரம் நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. டியூப்பை அணைத்துவிட்டு ஒற்றை விளக்கில் படிப்பது ஆபத்து. என் அம்மா அப்படித்தான் டேபிள் லேம்ப்பில் ஜெபப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். மூடிவைத்துவிட்டு எழுந்தார், சுற்றிலும் கும்மிருட்டு. பளிச்சென்ற தாளையே பார்த்த கண்ணுக்கு முன்னால் இருந்த டீப்பாய் தெரியவில்லை. முழங்காலில் இடித்துக் கீழே விழுந்தார். நான் ஓடி வந்தபோது புத்தகம்தான் கையில் இருந்தது, அதை விடவில்லை. நல்ல வேளை, எலும்பு முறியவில்லை.

இன்னொன்று. இப்போது எல்லோரும் மஞ்சள் வெளிச்சம், மஞ்சள் வெளிச்சம் என்கிறார்கள். வீடு லாட்ஜ் மாதிரி ஆகிவிடும். பெட்டியில் 6500 என்று போட்டிருக்கும் வெள்ளை விளக்கு போட்டால்தான் பெரியவர்களுக்கு மாத்திரை நீலமா பச்சையா என்று தெரியும்.

மதுரை_ஓய்வு_ஈபி:

தம்பியும் ராயபுரம் சாரும் ஒரே விஷயத்தைப் பேசவில்லை. ஒருவர் விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் என்ன நிறம் என்கிறார். என் கதை சின்னது. மகள் வீட்டில் பெட்ரூமும் சிட்டிங்கும் ஒரே சுவிட்ச். மருமகன் அங்கே லேப்டாப்பில் உட்கார்ந்தால் மகள் இங்கே போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்வாள். வாழ்நாள் முழுக்க மின்சாரத்தோடு வேலை பார்த்தவனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பல்புப் பெட்டியில் வாட்டைப் பார்க்காதீர்கள், எவ்வளவு வெளிச்சம் வரும் என்று சொல்லும் லூமனைப் பாருங்கள். 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லூமன் தரும். அதே பெட்டியில் 2700, 3000, 4000, 6500 என்று ஓர் எண் இருக்கும். எண் ஏற ஏற மஞ்சளிலிருந்து நீலம் கலந்த வெள்ளைக்குப் போகும். அது நிறம் மட்டும்தான், பிரகாசம் இல்லை. மாத்திரையின் நிறம் தெரிய வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது சிஆர்ஐ, அதாவது அந்த வெளிச்சம் பொருள்களின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண். 80 என்பது சாதாரணம், 90-க்கு மேல் இருந்தால் நல்லது.

பெரியவர்களுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும் என்பதில் நான் ராயபுரம் சார் பக்கம். 60 வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் புரை விழுந்த கண்ணில் விளக்கு நேராக அடித்தால் ஒளி சிதறிக் கூசும். அதனால் பல்பு கண்ணில் படாமல் ஷேடு மறைக்க வேண்டும், வெளிச்சம் தாளில் விழ வேண்டும். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. அந்த எலக்ட்ரீஷியன் டார்ச்சைப் பிடித்துக் காட்டியது இதைத்தான், கெட்டிக்காரர். படிக்கும் விளக்கோடு அறையில் இன்னொன்றும் மங்கலாக எரியட்டும், டீப்பாய் தெரியும்.

சேலம் அம்மா, 48 அங்குல ஃபேனில் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி போகும். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 350 சுற்று என்றால் நொடிக்கு 17 தடவைக்கு மேல் வெளிச்சத்தை வெட்டும். வேகத்தைக் குறைத்தால் வெட்டு இன்னும் நன்றாகத் தெரியும், அவர் சொன்னது தப்பு. ஃபேன் இறக்கைக்குக் கீழே, சுவரில் விளக்கு போடுங்கள். அதை எந்த ஃபேனும் வெட்ட முடியாது.

சிட்டிங்குக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். பெட்ரூம் லைட்டுக்குக் கதவருகே ஒன்று, தலைமாட்டில் ஒன்று என்று, எதிலிருந்தும் போட்டு அணைக்கிற டூ வே சுவிட்ச் போடுங்கள். சுவிட்ச் எல்லாமே கரண்ட் வரும் வயரான ஃபேஸில் இருக்க வேண்டும், திரும்பிப் போகும் வயரான நியூட்ரலில் கூடாது. ஃபேன் ரெகுலேட்டரை எல்இடிக்கு டிம்மராகப் போடவே போடாதீர்கள்.

நாகர்கோவில்_மருமகள்:

ஈபி சார் கடைசியில் ஒரே வரியில் சொன்னாரே, ஃபேஸ், நியூட்ரல், அது எங்கள் வீட்டில் நடந்தது. அத்தை அறையில் லைட்டை அணைத்தாலும் பல்பு மினுக்கு மினுக்கென்று லேசாக எரியும். "எல்இடின்னா அப்படித்தான்" என்று கேட்டவர்களெல்லாம் சொன்னார்கள். சில சுவிட்சில் குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அப்படி எரியுமாம். எங்கள் சுவிட்சில் அது இல்லை.

ஒரு பையன் வந்தான். சுவிட்சை அணைத்துவிட்டு, பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தான். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. சுவிட்ச் அணைந்திருக்கிறது, கரண்ட் ஹோல்டரில் இருக்கிறது! சுவிட்சுக்கு நியூட்ரலைக் கொடுத்து வயரிங் செய்திருக்கிறார்கள். முந்தின நாள்தான் அத்தை அந்த ஹோல்டரை ஈரத்துணியால் துடைத்திருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த டெஸ்டர் எரிந்த சிவப்பு எனக்குக் கனவில்கூட வருகிறது. தயவுசெய்து வீட்டில் எல்லாப் பாயிண்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கோவை_வாடகை_வீடு:

ஈபி சார், டூ வே போட சுவரைக் கொத்த வேண்டும். வாடகை வீட்டில் ஒரு ஆணிக்கே ஓனரிடம் அனுமதி கேட்கிறோம்.

எனக்குக் கைக்குழந்தை. ராத்திரி பால் கொடுக்க, வீட்டுக்காரர் தூக்கம் கெடக்கூடாதென்று சிட்டிங் நாற்காலிக்கு வந்துவிடுவேன். அங்கே வெள்ளை டியூப் ஒன்றுதான். போட்டதும் குழந்தை கண்ணை அகல விரித்துவிடும், அப்புறம் விடியவிடிய ஆட்டம். ஒரு ராத்திரி கரண்ட் போனது. அம்மா காமாட்சி விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து தரையில் வைத்தார். குழந்தை கண்ணைத் திறக்காமலே குடித்து, ஏப்பம் விட்டு, தோளிலேயே தூங்கிவிட்டது. கரண்ட் வந்தபோது நான் ஓடிப்போய் டியூப் சுவிட்சை அணைத்தேன்.

அதன்பிறகு தேடிப் படித்தேன். பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லவே கண்ணுக்குள் தனிச் செல்கள் இருப்பதை 2002-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். நீல வெளிச்சத்துக்குத்தான் அவை அதிகம் விழித்துக்கொள்ளுமாம். நம் ஊரில் பாதி வீட்டில் நைட் லேம்ப் நீலம்! பழைய ஜீரோ வாட் பல்பு வேறு, பேர்தான் ஜீரோ, 15 வாட் வரை இழுக்கும். நான் பிளக்கில் நேராகச் செருகும், செம்மஞ்சளாக எரியும் ஆம்பர் நைட் லேம்ப் வாங்கி, நாற்காலிக்குப் பின்னால் தரையை ஒட்டிய பிளக்கில் போட்டேன். டயாபர் மாற்ற அது போதும். ராயபுரம் ஐயா, இதை லாட்ஜ் என்று சொல்லாதீர்கள்.

ராயபுரம்_73:

குழந்தைக்கு என்றால் சரி அம்மா. பெரியவர்கள் புழங்கும் ஹாலைப் பற்றித்தான் நான் சொன்னேன். அதில் மாற்றமில்லை.

சேலம்_அம்மா:

ஈபி சார், ரொம்ப நன்றி. சுவர் விளக்கு போடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். கட்டில் தலைமாட்டில் லைட் பாயிண்ட் இல்லை. ஏசி பாயிண்ட் பக்கத்தில் இருக்கிறது, அதிலிருந்து இழுக்கலாமா?

மதுரை_ஓய்வு_ஈபி:

வேண்டவே வேண்டாம். ஏசி லைனுக்குத் தனி எம்சிபி, அதாவது கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுந்து அணைக்கும் சுவிட்ச், அதுவும் பெரிய ஆம்பியர். லைட்டுக்குப் போடும் மெல்லிய வயர் சூடாகி உருகினாலும் அந்த எம்சிபி விழாது. ஃபேனைச் சுற்றி இருக்கும் நாலு டவுன்லைட்டின் வயர் சீலிங்குக்குள் ஏற்கனவே இருக்கிறது, அது லைட் சர்க்யூட். அதையே சுவர் ஓரமாக, வயரை மூடும் கேசிங்கில் இறக்கச் சொல்லுங்கள். சிட்டிங்கில் மகள் படிக்கும் மேஜைக்கும் அதிலிருந்தே ஒரு பாயிண்ட் கிடைக்கும். டவுன்லைட்டை எடுத்த ஓட்டையை மூட வெள்ளை மூடி கடையில் கிடைக்கும், அளவை மட்டும் எடுத்துப் போங்கள்.