கொக்குவில் வீட்டுக் குழு: ஒரு சனிக்கிழமை, திடீரென்று இயக்கச்சி

காலை 5:52

நான்: எழும்பினவர்கள் பதில் போடுங்கோ. மாமாவின் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை பிளேன். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயில், விருந்து, சொந்தக்காரர் வீடு என்றே போய்விட்டது. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் முழுக்க விளையாடவேயில்லை. இன்றைக்கு இயக்கச்சி றீச்சாப் பண்ணைக்கு, அந்தத் தண்ணீர் விளையாட்டுக்குப் போவோமா?

சித்தி: இன்றைக்கா பிள்ளை? நான் இப்போதுதான் புட்டுக்கு மா குழைக்கிறேன்.

நான்: குழையுங்கோ சித்தி. இன்னும் இரண்டு சுண்டு மா கூடப் போடுங்கோ. கட்டிக்கொண்டு போவோம்.

அம்மா: இரவு படுக்கும்போதுகூட ஒன்றும் சொல்லவில்லையே நீ.

நான்: இரவு எனக்கே தெரியாது அம்மா. விடிய எழும்பி முற்றம் கூட்டும்போது, சின்னவனும் என் மகனும் மதிலுக்கு மேலால் பந்து எறிந்து விளையாடியதைப் பார்த்தேன். ஐந்தரை மணிக்கு! அப்போதுதான் மனதில் வந்தது.

சின்ன மாமா: ரொறன்ரோவில் வொண்டர்லாண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதென்றால் ஒரு மாதம் முன்னமே நாள் குறித்து, லீவு எடுத்து, ரிக்கெற் வாங்கி வைப்போம். இங்கே முற்றம் கூட்டும்போதே முடிவாகிறது. எனக்குச் சம்மதம்.

மாமி: எனக்கும் சம்மதம். ஆனால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடுமோ என்று ஒரு யோசனை. அங்கே லெவையதன் என்று 93 மீற்றர் உயரத்தில் ஓடும் ரோலர் கோஸ்ரரில் ஏறிப் பழகியவர்கள். அதற்கு 137 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும், நடுவிலான் இந்த வருடம்தான் எட்டினான்.

நான்: மாமி, அதில் ஏறும்போது பக்கத்தில் மச்சாள்மார் இருந்தார்களா? இங்கே ஏழு பேர் ஒன்றாய்த் தண்ணீருக்குள் குதிக்கப்போகிறார்கள்.

காலை 6:10

சித்தி: சரி, கணக்குச் சொல்லுங்கோ. நானும் என் இரண்டு பெட்டைகளும் 3. சித்தப்பா கடையை விட்டு வரமாட்டார்.

சின்ன மாமா: நாங்கள் 5.

நான்: நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் 3. இவருக்கு இன்றைக்கு வேலை. அம்மா 1. அம்மம்மா 1. எல்லாமாக 13. பக்கத்து வீட்டு அண்ணாவின் வானில் 14 சீற். அவருக்கு இன்றைக்கு ஓட்டமில்லையாம், கேட்டுவிட்டேன். ஏழரைக்கு வருவார்.

அம்மா: அம்மம்மாவையும் சேர்த்தா எண்ணினாய்? வெயில் எரிக்கிறது. முழங்கால் நோ. அங்கே படி, ஈரத் தரை. அவ வீட்டில் நிற்கட்டும், வீட்டைப் பார்க்கவும் ஆள் வேண்டுமே.

நான்: அம்மா, ஒன்று சொல்கிறேன், குறை நினைக்காதேங்கோ. எந்தப் பயணத்திலும் அம்மம்மாதான் வீடு பார்க்கிறா. மாமா போன முறை வந்தபோது கீரிமலை, அதற்கு முதல் முறை கசூரினா. இரண்டுக்கும் அவ கேற்றடியில் நின்று கை காட்டினவ. எனக்கு இந்த முறை அதைப் பார்க்க ஏலாது. வீட்டைப் பூட்டலாம். பூட்டு இருக்கிறது.

சின்ன மாமா: அக்கா, அவள் சொல்வது சரி. நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். திரும்ப எப்போது வருவேனோ தெரியாது.

அம்மா: சரி. அவவிடம் நானே கேட்கிறேன்.

காலை 6:31

அம்மா: கேட்டேன். "எனக்கென்ன, நான் ரெடி" என்றா. தலை இழுத்து முடிந்தாகிவிட்டது. பனங்காய்ப் பணியாரம் சுட்டு வைத்த பேணியையும் எடுத்துத் துணிப்பையில் வைத்துவிட்டா. நான் இவ்வளவையும் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கும்போது குசினியில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறா.

நான்: ❤️❤️❤️

நான்: எல்லோரும் கவனியுங்கோ. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு சோடி உடுப்பு, ஒரு துவாய். குளிக்கிற உடுப்பை உள்ளே போட்டுக்கொண்டே வரட்டும், அங்கே போய் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். தொப்பி. தண்ணீர் வீட்டிலிருந்தே இரண்டு பெரிய கலனில். நுழைவுக் காசு எவ்வளவு, எத்தனை மணிக்குத் திறப்பது என்று எட்டரைக்குப் பிறகு போன் எடுத்துக் கேட்கிறேன், யாரும் முகநூலில் பார்த்த பழைய விலையை நம்பவேண்டாம்.

சித்தி: புட்டு, முட்டைப்பொரியல், கட்டைச்சம்பல். வாழையிலையை நெருப்பில் வாட்டிப் பொதி கட்டுகிறேன். திருவிழா முடிந்தும் அம்மம்மா இன்னும் சைவம்தானே, அவவின் பொதியில் முட்டை இல்லை, அதை மட்டும் சிவப்பு நூலால் கட்டியிருக்கிறேன். மாற்றிக் கொடுத்துவிடாதேங்கோ.

தம்பி (கொழும்பு): எழும்பிப் பார்த்தால் 64 மெசேஜ். என்னை விட்டுவிட்டா போகிறீர்கள்?

நான்: நீ இங்கே இருந்திருந்தால் உன்னைத்தான் முதலில் எழுப்பியிருப்பேன் தம்பி. மழை பார்த்துச் சொல்லு.

தம்பி (கொழும்பு): மழை இல்லை. வெயில்தான். அம்மம்மாவுக்குக் குடை எடுங்கோ, மறக்காதேங்கோ. போற வழியெல்லாம் படம் போடுங்கோ.

காலை 7:58

நான்: வெளிக்கிட்டாச்சு. 13 பேரும் இருக்கிறோம். அம்மம்மா முன் சீற்றில், டிரைவர் அண்ணாவுக்குப் பக்கத்தில். குடை மடியில்.

சித்தி: சின்னவனுக்கு ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது.

மாமி: மற்றது வீட்டு வாசலில் இருக்கும். சரி, போகட்டும்.

காலை 8:21

நான்: நாவற்குழிப் பாலம் தாண்டுகிறோம். வானுக்குள் ஒரே சத்தம், பாட்டு. அம்மம்மா மட்டும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருக்கிறா. மாமாவின் மூத்தவள் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். "இதால்தான் நடந்தது" என்றா.

மாமி: நான் பின் சீற்றில் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. எப்போது நடந்தது?

அம்மா: 1995, ஒக்ரோபர் 30, மச்சாள். நீங்கள் அப்போது கனடா போய்விட்டீர்கள். சண்டை கிட்ட வந்து, வலிகாமம் முழுதும் ஒரே இரவில் எழும்பி இந்தப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. நல்ல மழை. எனக்கு இவள் கையில், அம்மாவுக்குத் தலையில் அரிசிப் பொட்டலம். பெரியண்ணா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், ஓட இடமில்லை. கொக்குவிலில் இருந்து சாவகச்சேரி வர விடிந்துவிட்டது.

மாமி: இதே றோட்டிலா?

அம்மா: இதே றோட்டில்தான்.

காலை 8:55

நான்: கொடிகாமம் தாண்டவில்லை, பின் சில்லு காற்றுப் போய்விட்டது. யாரும் பயப்பட வேண்டாம், நிழலில் நிற்கிறோம். டிரைவர் அண்ணா மாற்றுகிறார். மாற்றின சில்லிலும் காற்றுக் குறைவாம், அடித்துக்கொண்டு வர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்கிறார்.

தம்பி (கொழும்பு): பிள்ளைகள்?

நான்: சித்தி பணியாரப் பேணியைத் திறந்துவிட்டா. பிள்ளைகள் சரி. அம்மம்மாதான் ஒரு கதை சொல்கிறா. நாங்கள் இடம்பெயர்ந்து ஆறு மாதம் இருந்த வளவு இங்கேதான், அந்த ஒழுங்கைக்குள் என்கிறா.

சின்ன மாமா: எனக்கும் அந்த மதவு அடையாளம் தெரிகிறது. எனக்கு அப்போது 15 வயது.

நான்: போய்ப் பார்ப்போமா?

அம்மா: முன்னறிவித்தல் இல்லாமல், 13 பேரோடு, ஒருவர் வீட்டுக்கா?

நான்: அம்மா, அன்றைக்கும் முன்னறிவித்தல் இல்லாமல்தானே போனீர்கள்.

காலை 9:40

நான்: பெரிய மாமாவும் பார்க்கவேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

அம்மம்மாவை ஓட்டோவில் ஏற்றி மற்றவர்கள் நடந்து போனோம். 400 மீற்றர் இருக்கும். பலா மரம் நிற்கிறது. அந்த மரத்தடியில்தான் தறப்பாள் கட்டி இருந்தார்களாம், எங்களோடு இன்னும் நான்கு குடும்பம். வீட்டுக்காரப் பெரியம்மா இப்போது இல்லை. அவவின் மகள் வெளியே வந்து ஒரு நிமிடம் அம்மம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, "கொக்குவில் ரீச்சரம்மாவோ?" என்றா. 

அம்மம்மா பேசவில்லை. அவவின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டா.

13 பேருக்கும் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்தார்கள். கிளாஸ் காணாமல் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணிக் கோப்பையில். நாங்கள் புட்டுப் பொதி மூன்றை அங்கே வைத்துவிட்டு வந்தோம். சின்னவன் ஒற்றைச் செருப்போடு முற்றம் முழுக்க ஓடுவதைப் பார்த்த அந்த அன்ரி தன் பேரப்பிள்ளையின் சோடியைக் கொடுத்துவிட்டா. வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை.

காலை 10:22

நான்: முகமாலை. மாமாவின் பிள்ளைகள் ஏன் பனைக்குத் தலை இல்லை என்று கேட்கிறார்கள்.

சின்ன மாமா: ஷெல் என்று சொன்னேன். 2006 இல் இதே இடத்தில் சோதனைச் சாவடி வரிசையில் நின்றுதான் நான் வெளிக்கிட்டேன். ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது, எனக்கு ஒரு மாதம் முன்னால் கிடைத்த அதிர்ஷ்டம். மொட்டைப் பனைகளுக்கு நடுவில் இப்போது வடலிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. அதையும் காட்டினேன்.

நான்: றோட்டோரம் ஒரு பனம்பழம் விழுந்து கிடந்தது. நடுவிலான் எடுக்க வேண்டும் என்று கேட்டான். அம்மம்மா, "முகமாலையில் றோட்டை விட்டு ஒருத்தரும் கால் வைக்கிறதில்லை" என்று குரலை உயர்த்திச் சொன்னா. எவ்வளவு இடம் மிதிவெடி எடுத்துத் துப்புரவாக்கினாலும் அவவின் வாயில் அது போகாது. பிள்ளை உடனே பேசாமல் இருந்துவிட்டான்.

முற்பகல் 11:05

நான்: வந்து சேர்ந்துவிட்டோம்! உடுப்பை உள்ளே போட்டு வந்தது எவ்வளவு நல்லதாய்ப் போய்விட்டது. வானால் இறங்கி ஐந்து நிமிடத்தில் ஏழு பேரும் தண்ணீருக்குள்.

மாமி: மச்சாள், நான் பயந்தது வீண். நடுவிலான் "இங்கே வரிசையே இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். சறுக்கில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, 20 தரம் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

சித்தி: என் சின்னவள் நீந்தத் தெரியாமல் ஓரத்தில் நின்றாள். கனடா மூத்தவள் அவளின் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு "காலை அடி, காலை அடி" என்கிறாள். அவளுக்குச் சரியாகத் தமிழ் வராது, இவளுக்குச் சரியாக இங்கிலிசு வராது. ஆனால் கதை நிற்கவில்லை.

மதியம் 12:14

பெரிய மாமா (லண்டன்): இப்போதுதான் எழும்பினேன். எல்லாவற்றையும் மேலே இருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். அந்த வளவில் துலாக் கிணறு இருந்தது. இருக்கிறதா?

நான்: கிணறு இருக்கிறது மாமா. துலா இல்லை, மோட்டார் பூட்டியிருக்கிறார்கள். துலாக்காலில் ஒன்று மட்டும் நிற்கிறது, அதில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டிருக்கிறார்கள். படம் எடுத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

பெரிய மாமா (லண்டன்): அந்தக் கிணற்றில் விடிய நான்கு மணிக்கே வரிசை. எத்தனை குடும்பம் அள்ளியும் அது வற்றவில்லை. படத்தை அனுப்பு பிள்ளை. அம்மா எங்கே?

நான்: இதோ.

படம்: அம்மம்மா, சின்னப் பிள்ளைகளின் தடாகக் கரையில். சேலையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு, இரண்டு காலும் தண்ணீருக்குள். ஒரு கையைச் சின்ன மாமா பிடித்திருக்கிறார்.

பெரிய மாமா (லண்டன்): அம்மா இப்படி வாய் திறந்து சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடம்.

தம்பி (கொழும்பு): நான் இதை போனின் முகப்பில் வைத்துவிட்டேன்.

நான்: அவ குரல் பதிவில் சொன்னதை எழுதுகிறேன் மாமா: "தண்ணீர் நல்ல குளிர். நீயும் வந்திருக்கலாம். இதில் கால் வைத்தால் முழங்கால் நோ கொஞ்சம் குறைகிறது போல இருக்கு. சாப்பிட்டாயோ?"

பெரிய மாமா (லண்டன்): இன்னும் இல்லை என்று சொல்லு. அடுத்த வருடம் வருகிறேன் என்றும் சொல்லு. உண்மையாகவே வருகிறேன்.

மாலை 4:48

நான்: ஆனையிறவு மட்டும் போய்விட்டுத் திரும்புகிறோம். ஐந்து நிமிடத் தூரம்தான், வந்ததற்குப் பார்க்காமல் போக மனமில்லை. உப்பளத்தில் வெள்ளையாய்க் குவித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பனி என்று கத்துகிறார்கள். ரயிலும் கடந்தது. அம்மம்மா கலியாணம் முடித்த புதிதில் யாழ்தேவியில் கொழும்பு போகும்போது, இந்த இடம் வந்ததும் அம்மப்பா யன்னலைத் திறந்து உப்புக்காற்றைக் காட்டினாராம். 1990 இல் நின்ற ரயில் 2014 இல் திரும்ப வந்தபோது அம்மப்பா இல்லை.

அம்மா: பின் சீற்றில் ஏழு பேரும் ஒருவருக்கு மேல் ஒருவர் சாய்ந்து நித்திரை. தலைமுடியில் இன்னும் ஈரம்.

இரவு 7:36

நான்: எல்லோரும் அவரவர் வீடு வந்தாச்சா? துவாய் மூன்று என்னிடம் கூட இருக்கிறது. ஒரு நீலத் தொப்பியும்.

சித்தி: தொப்பி என் மூத்தவளின். சிவப்பு நூல் கட்டின பொதி பிரிக்காமலே திரும்ப வந்திருக்கிறது. அம்மம்மா என்ன சாப்பிட்டவ?

சின்ன மாமா: பிள்ளைகளோடு இருந்து, பிள்ளைகளின் பொதியில் இருந்துதான் சாப்பிட்டா. முட்டையைக் கையால் ஒதுக்கி, அதைச் சின்னவனுக்கு ஊட்டிக்கொண்டு.

மாமி: சின்னவனின் மற்றச் செருப்பை வாசலில் காணவில்லையே.

அம்மா: அம்மாவின் துணிப்பைக்குள் இருக்கிறது. விடியவே கண்டு எடுத்து வைத்தவவாம். கேட்க ஆளில்லை என்று பேசாமல் இருந்தவவாம். காலையில் வந்து வாங்குங்கோ மச்சாள், பணியாரமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.