நகைப் படங்களை மெயிலில் அனுப்பினால் திரும்பி வருகிறது, என்ன செய்யலாம்?

வடசேரி மருமகள்:
எங்கள் வீடு நாகர்கோவில் வடசேரியில். மாமனார் கோயில் நகை செய்கிறவர். வெள்ளியில் கட்டி, தங்கத் தகடு ஒட்டி, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக்கல் பதிக்கிற அந்த வேலைதான். நாட்டியக்காரர்கள் தலையில் வைக்கிற சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, நெற்றிச்சுட்டி, இடுப்புக்கு ஒட்டியாணம் எல்லாம் செய்வார். ஆனால் போனைக் கையால் தொடமாட்டார். படம் எடுப்பது, விலை பேசுவது, பார்சல் கட்டுவது எல்லாம் என் தலையில்.

டொராண்டோவில் பரதம் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சர், அரங்கேற்றத்துக்கு முழு செட்டாக நகை கேட்டிருக்கிறார். முதலில் வாட்ஸ்அப்பில்தான் படம் அனுப்பினேன். "பெரிதாக்கினால் கல்லெல்லாம் ஒரே சிவப்பாகக் கலங்கித் தெரிகிறது, கல் பதித்த விளிம்பைப் பார்க்க முடியவில்லை, அசல் படத்தை மெயிலில் போடுங்கள்" என்றார். அவர் வேலை பார்க்கும் இடத்து மெயில் முகவரியைத்தான் கொடுத்தார்.

ஆறு படம் சேர்த்தேன், மொத்தம் 24 எம்பி. ஜிமெயிலில் 25 வரை போகலாம் என்கிறார்கள். அனுப்பியாச்சு என்றும் காட்டியது. கொஞ்ச நேரத்தில் மெயிலர் டீமன் என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்து நிற்கிறது, அளவு பெரிதாம். 25க்குள்தானே இருக்கிறது? இன்னும் முப்பது படத்துக்கு மேல் அனுப்ப வேண்டும். மாமாவோ காலையில் எழுந்ததும் "அவிய என்ன சொன்னாவ?" என்று கேட்கிறார்.

குளச்சல் தம்பி:
அக்கா, எல்லாப் படத்தையும் ஜிப் போட்டு ஒரே ஃபைலாக அனுப்புங்க. சைஸ் பாதியாகக் குறையும்.

தக்கலை ஸ்டுடியோக்காரன்:
குறையாது தம்பி. பெரும்பாலான போன்கள் படத்தைச் சேமிக்கிற வடிவம் ஜேபெக், அது ஏற்கெனவே பிழிந்து எடுத்த தேங்காய்த் துருவல். மறுபடி பிழிந்தால் என்ன வரும்? எழுத்துக் கோப்புகளுக்கு ஜிப் நல்லது. படத்துக்கு, பலதையும் ஒரே கோப்பாகக் கட்டுவதற்கு மட்டும்தான் அது பயன்படும்.

மக்களே, உங்கள் 24 எம்பி கணக்குக்கு வருகிறேன். மின்னஞ்சல் முதலில் வெறும் எழுத்துக்காக உண்டானது. படத்தையும் பாட்டையும் அதில் ஏற்ற மைம் என்று ஒரு முறை பிறகுதான் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான நத்தானியேல் போரன்ஸ்டீன் 1992 மார்ச்சில் அனுப்பிய முதல் இணைப்பிலேயே ஒரு படமும் ஒரு பாட்டும்தான் இருந்தன. அந்த முறை இன்றைக்கும் ஓடுகிறது. படத்தை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்பும். மாற்றும்போது அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகிவிடும். அப்படியென்றால் உங்கள் 24, வழியில் 32 எம்பியைத் தாண்டிவிடுகிறது. உங்கள் பக்கம் விட்டுவிட்டார்கள், அந்த டீச்சரின் அலுவலக சர்வர் வாசலில் நிறுத்திவிட்டது. மெயில் போய்ச் சேரவில்லை என்று தானாக வருகிற கடிதம்தான் அந்த மெயிலர் டீமன். அலுவலக மெயில்களில் எல்லை 10 எம்பி என்று வைத்திருப்பவர்களும் உண்டு. அனுப்புகிறவர் எல்லை, வாங்குகிறவர் எல்லை, இரண்டில் எது சின்னதோ அதுதான் உங்களுக்கு.

கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்ய, வளைகுடாவில் இருக்கும் மாப்பிள்ளைகளுக்கு அனுப்பி அனுப்பி எனக்கு இது பழகிப்போயிற்று. மெயிலோடு ஒட்டி அனுப்புவது இரண்டு மூன்று படத்துக்குத்தான் சரி. முப்பது நாற்பது என்றால் கூகுள் ட்ரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, படங்களை ஏற்றி, அந்த ஃபோல்டரின் லிங்க்கை மட்டும் மெயிலில் எழுதுங்கள். ட்ரைவ் படத்தைச் சுருக்காது, ஏற்றியது அப்படியே இருக்கும். லிங்க் எடுக்கும்போது 'இணைப்பு உள்ள எவரும்' பார்க்கலாம் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால், பூட்டிய வீட்டு முகவரியைக் கொடுத்த மாதிரிதான், அனுமதி கேட்டு உங்களுக்கே மெயில் வரும். 'பார்ப்பவர்' என்பதோடு நிறுத்துங்கள், 'திருத்துபவர்' வேண்டாம்.

கூகுள் போட்டோஸில் ஆல்பமாகப் பகிரலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அதில் பேக்கப் 'ஒரிஜினல்' தரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இடத்தை மிச்சப்படுத்தும் தரத்தில் இருந்தால் படத்தை அமுக்கிவிடும். கல் விளிம்பு பார்க்கிறவருக்கு அது ஆகாது.

வீட்டில் வைஃபை இருந்தால் அதில் ஏற்றுங்கள். மழைக்காலச் சாயங்காலம் மொபைல் டேட்டாவில் நாற்பது படம் ஏற்ற உட்கார்ந்தால் ராத்திரிச் சோறு ஆறிப்போகும்.

குளச்சல் தம்பி:
சரி அண்ணாச்சி, ஜிப்பை விட்டுவிட்டேன். ஆனால் வாட்ஸ்அப்பிலேயே படத்தை 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் அசல் அப்படியே போகுமே? எங்கள் ஹார்பரில் எஞ்சின் உடைந்த பாகத்தை மெக்கானிக்குக் காட்ட அப்படித்தான் அனுப்புகிறோம்.

தக்கலை ஸ்டுடியோக்காரன்:
போகும், சரிதான். ஒன்றிரண்டுக்கு அது சுலபம். ஆனால் அந்த டீச்சர் மாணவிகளின் பெற்றோருக்கும் காட்ட வேண்டியிருக்கும். லிங்க் என்றால் ஒரு வரியை அவர் தள்ளிவிட்டால் போதும்.

மார்த்தாண்டம் சுமி:
நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன் அக்கா. நாற்பது படத்தையும் முதலிலேயே கொட்டாதீர்கள். நான் ஆன்லைனில் புடவை விற்கிறேன். படம் கூடக் கூட வாங்குகிறவர்கள் குழம்பி, "யோசித்துச் சொல்கிறேன்" என்று போய்விடுவார்கள். செட்டுக்கு ஒன்றாக நாலைந்து படத்தைச் சின்ன அளவில் மெயிலிலேயே ஒட்டுங்கள். பிடித்தது எது என்று அவர் சொன்ன பிறகு அதன் நெருக்கமான படங்களை ட்ரைவில் வையுங்கள். ஃபைல் பெயரையும் மாற்றிவிடுங்கள். ஐஎம்ஜி, நம்பர் என்று இருந்தால் எது ராக்கொடி எது சுட்டி என்று போனில் சொல்லி மாளாது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எல்லாரும் விட்டுவிடுவார்கள். போனில் லொகேஷன் போட்டுப் படம் எடுத்தால், அந்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். அசல் கோப்பை அனுப்பினால் அதுவும் கூடவே போகும். தங்கமும் வெள்ளியும் கிடக்கிற வீடு, லிங்க் யார் கைக்கெல்லாம் போகுமோ. கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். ஐபோன் என்றால், பகிரும்போது மேலே 'ஆப்ஷன்ஸ்' என்று வரும், அங்கேயும் நீக்கலாம்.

வடசேரி மருமகள்:
சுமி சொன்னதைக் கேட்டு வீட்டுக்காரரே பயந்துவிட்டார். லொகேஷன் இல்லாமல் ஒட்டியாணத்தையும் சூரியப்பிரபையையும் திரும்ப எடுத்து, ட்ரைவில் போட்டு லிங்க் அனுப்பினேன். டீச்சர் பார்த்துவிட்டார், கல் தெரிகிறதாம், சந்தோஷம். ஆனால் டவுன்லோட் செய்தால் அவருடைய பழைய விண்டோஸ் லேப்டாப்பில் திறக்கவில்லையாம். பெயரின் கடைசியில் ஹெச்இஐசி என்று இருக்கிறதாம். இந்தத் தடவை வீட்டுக்காரரின் ஐபோனில் எடுத்தோம், அதனாலா?

தக்கலை ஸ்டுடியோக்காரன்:
அதனால்தான். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன் படங்களை அந்த வடிவத்தில் சேமிக்கிறது. இடம் குறைவாகப் பிடிக்கும், தரம் நல்லதுதான், ஆனால் பழைய கணினிகளுக்குத் தெரியாது. செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வையுங்கள். இனி எடுப்பதெல்லாம் ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்தது அதனால் மாறாது, அந்த இரண்டு நகையை மட்டும் இன்னொரு தடவை எடுத்துவிடுங்கள், அதுதான் எளிது. ஜன்னல் ஓரம் காலை வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், கெம்பு வெளுத்துவிடும்.

ஐபோனின் சொந்த மெயில் ஆப்பில் அனுப்பினால் ஸ்மால், மீடியம், லார்ஜ், ஆக்சுவல் என்று அளவு கேட்கும். அங்கே ஆக்சுவல் தொடுங்கள், இல்லையென்றால் பழையபடி கலங்கல்தான்.

வடசேரி மருமகள்:
நாளைக் காலையில் எடுக்கிறேன் அண்ணாச்சி. ஆர்டர் முடிந்த பிறகு அந்த லிங்க் என்ன ஆகும்? அப்படியே கிடக்குமா?

மார்த்தாண்டம் சுமி:
நீங்களாக மூடும்வரை கிடக்கும் அக்கா. பகிர்வை 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று மாற்றினால் மற்றவர்களுக்கு அன்றைக்கே திறக்காது. படங்களையே நீக்கிவிட்டால் இன்னும் நல்லது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபிதான், மெயில், ட்ரைவ், போட்டோஸ் மூன்றும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. அது நிறைந்துவிட்டால் அடுத்த ஆர்டர் மெயிலே உங்களுக்கு வந்து சேராது. டிராஷையும் காலி பண்ணுங்கள், அதில் கிடப்பதும் கணக்கில் சேரும்.