ஸ்பிரிங் பார் மாட்டியும் முன்பக்கம் மிதந்தது: வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் அனுபவங்கள்

நெடுவழி

பின்னால் டிரெய்லர், மேம்பாலத்தின் உச்சி தாண்டி இறங்கும் இடம். ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் திருப்பினேன். வண்டி கேட்கவில்லை. ஒரு கணம் விட்டுத்தான் திரும்பியது. ஸ்டியரிங்கில் எடையே இல்லாத அந்த உணர்வு இன்னும் கையை விட்டுப் போகவில்லை. பிக்கப் நல்ல நிலையில் இருக்கிறது, டயர் புதிது, டிரெய்லரின் பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் (டபிள்யூ.டி.) ஹிட்ச்சும் மாட்டித்தான் இருந்தது. அப்புறம் ஏன் இப்படி?

எடைமேடையில் ஏற்றிய பிறகுதான் புரிந்தது. டிரெய்லரை விற்றவர், கேட்டலாக்கில் இருந்த வெறும் எடையைப் பார்த்து 270 கிலோவுக்கான ஸ்பிரிங் பார் கொடுத்திருக்கிறார். தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, சாமான் எல்லாம் ஏறியதும் டிரெய்லர் 3000 கிலோ. ஹிட்ச்சின் பந்தின் மேல் டிரெய்லரின் மூக்கு அழுத்தும் எடை, அதாவது டங் வெயிட், மட்டும் 390 கிலோ!

390 கிலோ என்றால் பின்பக்கம் 390 கிலோ கூடுகிறது, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. என் வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 3.6 மீட்டர். பந்து, பின் ஆக்சிலுக்கு 1.5 மீட்டர் பின்னால். சீசா பலகைக் கணக்குதான்: பின் ஆக்சிலுக்குச் சுமார் 550 கிலோ கூடுகிறது, முன் ஆக்சில் 160 கிலோவை இழக்கிறது. திருப்புவதும் முன் சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கும் முன் சக்கரம். அதில்தான் எடை குறைகிறது. ஸ்பிரிங் பாரின் வேலையே அந்த எடையில் ஒரு பகுதியை முன் ஆக்சிலுக்கும், கொஞ்சத்தை டிரெய்லரின் சக்கரங்களுக்கும் அனுப்புவது. பலமில்லாத பார் வளைந்து நிற்கும், போதுமான எடையை நகர்த்தாது.

வேறு பார் வாங்கப் போகிறேன். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பின்கண்ணாடி

நடந்திருக்கிறது, ஆனால் என்னுடையது வேறு மாதிரி. மைத்துனர் ஓட்டினார், நான் பக்கத்தில். பெரிய லாரி ஒன்று எங்களை முந்தியது. என் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் பின்மூலை வெளியே வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகமாக. மைத்துனர் கால் பிரேக்கைத் தொடவே இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டார், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார், டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் லீவரைக் கையால் அழுத்தினார். டிரெய்லர் பின்னாலிருந்து இழுபட்டு நேரானது. அவர் பதறிப்போய் எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆட்டத்தை அடக்கும் உராய்வு பாரும் மாட்டித்தான் இருந்தது. ஆனால் டிரெய்லரின் பின் பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டு, அதற்கு மேல் ஜெனரேட்டர். வால் கனத்தால் மூக்கு தூக்கும். டங் வெயிட் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். எங்களுடையது 10க்குக் கீழே போயிருந்தது. நண்பரே, எந்தப் பார் என்பது இரண்டாவது கேள்வி. சாமானை எங்கே ஏற்றுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஆக்சில்

பின்கண்ணாடி, அவர் கேட்டது முன்பக்கம் இலேசானதைப் பற்றி. அவருக்கு டங் வெயிட் 13 சதவீதம், அதில் குறையே இல்லை. ஆட்டம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பினால் படிப்பவர் தவறான சாமானை வாங்கிவிடுவார்.

எனக்கு மறக்க முடியாதது ஓர் இரும்புக் குழாய். பக்கத்தில் நிறுத்தியிருந்தவர், ஸ்பிரிங் பாரை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் சங்கிலியை மாட்ட, குழாயைப் போட்டுக் கையால் நெம்பினார். கை நழுவியது. குழாய் அவர் தாடைக்கு விரற்கடை தூரத்தில் மேலே பறந்தது. பாருக்குள் அவ்வளவு விசை அடங்கியிருக்கிறது. பந்தில் பூட்டிய பிறகு டிரெய்லரின் ஜாக்கியைச் சுற்றி, வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்துங்கள். பாரில் விசை தளரும், விரலாலேயே மாட்டலாம். கழற்றும்போதும் அப்படித்தான்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். பார் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க டேப் போதும். டிரெய்லர் இல்லாமல், சமதரையில், முன் சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டிரெய்லரைப் பூட்டி, பார் மாட்டாமல் ஒருமுறை அளங்கள். பார் மாட்டி இன்னொரு முறை. உயர்ந்ததில் எவ்வளவு திரும்ப இறங்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். சில வண்டிக்குப் பாதி, சிலவற்றுக்கு முழுதும். பழைய உயரத்துக்கும் கீழே இறக்கிவிடக் கூடாது. பின் சக்கரத்தில் பிடிப்பு குறைந்து திருப்பத்தில் வால் வழுக்கும். போதவில்லை என்றால் சங்கிலியில் ஒரு கண்ணி குறையுங்கள், அல்லது ஹிட்ச் தலையைப் பின்னோக்கிச் சாய்த்து வையுங்கள். முடிந்ததும் டிரெய்லர் மட்டமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். பிறகு எடைமேடைக்குப் போய் ஒவ்வொரு ஆக்சிலையும் தனியாக எடை போடுங்கள். டேப் உயரத்தைத்தான் சொல்லும், எடையைச் சொல்லாது.

இன்னொன்று. இந்த ஹிட்ச் வண்டியின் இழுக்கும் திறனைக் கூட்டாது. வண்டி மேல் ஏற்றக்கூடிய எடையான பேலோடு வரம்பும் அப்படியேதான் இருக்கும்.

கல்மேடு

எங்கள் எஸ்.யூ.வி.யின் கையேட்டிலேயே டபிள்யூ.டி. ஹிட்ச் வேண்டாம் என்று அச்சிட்டிருக்கிறது. அதைக் காட்டியும் கடைக்காரர் 'எல்லோரும் மாட்டுகிறார்கள், ஒன்றும் ஆகாது' என்றார். அவர் விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது! வாங்காமல் வந்துவிட்டோம். வண்டியில் ஹிட்ச்சைச் செருகும் ரிசீவரில் உள்ள ஸ்டிக்கரையும் பாருங்கள், டபிள்யூ.டி. ஹிட்ச்சோடு ஓர் அளவு, இல்லாமல் ஓர் அளவு என்று போட்டிருக்கும்.

நெடுவழிக்கு: எதற்கும் ஒரு சைஸ் பெரிய பாராகவே வாங்கிவிடுங்கள்.

பின்கண்ணாடி

கல்மேடு சொன்ன கடைசி வரியைக் கேட்காதீர்கள். அளவுக்கு மீறிய பார் வளையாது. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நேராக டிரெய்லரின் முன்சட்டத்துக்குப் போகும். நண்பர் ஒருவரின் டிரெய்லரில் பார் தாங்கும் பிராக்கெட் ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்ததை நானே விரலால் தடவிப் பார்த்தேன். எடை போட்டுப் பார்த்த டங் வெயிட், அதோடு வண்டியின் பின் ஆக்சிலுக்குப் பின்னால் ஏற்றும் சாமான். அந்தக் கூட்டுத்தொகைக்கு ஏற்ற பார், அவ்வளவே.

ஆக்சில் சொன்னது சரி, இரண்டும் வேறு பிரச்சினைதான். ஆனால் வாங்கும்போது இரண்டுக்கும் சேர்த்து யோசியுங்கள். சங்கிலியில் தொங்கும் சாதாரண பார் எடையை நகர்த்தும், ஆட்டத்துக்குப் பெரிதாக உதவாது. ஈக்வலைசர் போன்றவற்றில் பார் பிராக்கெட்டின் மேல் உராய்ந்து ஆட்டத்தையும் தணிக்கும். ஹென்ஸ்லி, புரோபிரைடு வகை, டிரெய்லர் திரும்பும் புள்ளியையே பின் ஆக்சில் பக்கம் கொண்டுபோய்விடும். விலையும் கனமும் மிக அதிகம்.

நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. 450 கிலோ பார், உராய்வு பிராக்கெட் வகை, மாட்டியாயிற்று. முன் வளைவு தனியாக 95 செ.மீ., பூட்டியதும் 98.5, பார் மாட்டியதும் 96.5. என் கையேடு பாதியாவது இறங்க வேண்டும் என்கிறது, அதைத் தாண்டிவிட்டது. அதே மேம்பாலத்தில் போய்ப் பார்த்தேன், ஸ்டியரிங் சொன்னபடி கேட்டது.

ஒன்று பாக்கி. தண்ணீர்த் தொட்டி ஆக்சிலுக்கு முன்னால் இருக்கிறது, 150 லிட்டர். அது காலியானால் டங் வெயிட் இறங்கும். தொட்டியை வடித்துவிட்டு மறுபடி எடைமேடைக்குப் போகிறேன், எண்ணை இங்கேயே போடுகிறேன்.