மறு: ‘பேட்ச்வொர்க்’, ‘அப்ளிகே’ – இரண்டுக்கும் ஒரே சொல் போதாது

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் தலையணை உறையின் செய்முறையைத் தமிழில் எழுதும் வேலை, துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ‘பேட்ச்வொர்க்’குக்கு என்ன சொல் என்பதில் வந்து நிற்கிறது. ஒட்டுவேலை, துணுக்குத்தையல், கந்தைத்தையல், துன்னல் என்று நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன. ஐயா எழுதியதிலிருந்து தொடங்குகிறேன்:

> ஒட்டுப்போடுவது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல். பேட்ச்வொர்க், அப்ளிகே இரண்டையுமே ஒட்டுவேலை என்று சொல்லிவிடலாம். படத்தைப் பார்த்தால் செய்கிறவருக்குப் புரிந்துவிடும்.

ஐயா, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் பேட்ச்வொர்க் துண்டுகளைப் பக்கத்தில் பக்கமாகச் சேர்ப்பது, அப்ளிகே ஒரு துணியின் மேல் இன்னொன்றை வைத்துத் தைப்பது. இந்த ஒரே தலையணையில் அந்த இரண்டு வேலைகளும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், எட்டாவது படியில் இருப்பவர் மூன்றாவது படியின் வேலையைச் செய்துகொண்டிருப்பார். துணி வீணாகும்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். இது அமெரிக்க வீடுகளில் டிசம்பர் மாதத்தில் சோபாவில் வைக்கும் 18 அங்குலத் தலையணை. நடுவில் ஒரு ஊசியிலை மரம், அதைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமான துணிப்பட்டைகள். மரம் எம்பிராய்டரி இயந்திரத்தில் உருவாகிறது. வெளிர்நிறப் பருத்தித் துணியைச் சட்டத்தில் இறுக்கிப் பொருத்தியதும், இயந்திரம் முதலில் மரத்தின் வெளிக்கோட்டை மட்டும் தைத்துக் காட்டும். அந்தக் கோடு முழுவதும் மறையும்படி ஒரு பச்சைத் துணியை மேலே வைக்கிறோம். இயந்திரம் அதே கோட்டில் மறுபடியும் ஓடிப் பச்சைத் துணியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சட்டத்தை இயந்திரத்திலிருந்து கழற்றி, துணியைச் சட்டத்திலிருந்து எடுக்காமலேயே, தையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பச்சைத் துணியை ஒட்ட வெட்டுகிறோம். மீண்டும் மாட்டினால், வெட்டிய ஓரத்தின் மேல் நெருக்கமான தையல் படிந்து பிசிறு தெரியாமல் மூடிவிடும். இதுதான் அப்ளிகே. அடியில் முழுத்துணி, அதன் மேல் இன்னொரு துணி. ஊரில் கிழிந்த முட்டிக்கு ஒட்டுப்போடுவதும் இதே அமைப்புதான். ஆகவே இதற்கு ஒட்டுத்தையல் என்ற பெயர் அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கவிடத் தைக்கும் குழாய் வடிவத் துணித் தொங்கல்களான தொம்பைகளிலும், ஒடிசாவின் பிப்பிலியில் ஜகந்நாதர் தேருக்குத் தைக்கும் விதானங்களிலும் இருப்பது இந்த வேலையே.

எம்பிராய்டரி முடிந்த பிறகுதான் அந்த நடுத்துண்டை 6½ அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான தையல்கள் விழும்போது துணி உள்நோக்கிச் சுருங்கும். முன்பே அளந்து வெட்டிவிட்டால் சதுரம் சதுரமாக இருக்காது. வெட்டிய பிறகு எட்டாவது படி. 2½ அங்குல அகலப் பட்டையை எடுத்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சதுரத்தின் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கால் அங்குலம் உள்ளே தைத்து, விரித்துத் தேய்க்கிறோம். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று சுற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு சுற்றும் அகலத்தில் 4 அங்குலம் கூட்டும். தையலுக்குள் மறைவதைக் கழித்தால் 6, 10, 14, 18. மூன்று சுற்றில் தலையணை முகம் முடிந்துவிடும். அமெரிக்கர்கள் இந்த அமைப்புக்கு மரக்கட்டைக் குடில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குடிலின் சுவர்க்கட்டைகளைப் போலப் பட்டைகள் அடுக்கப்படுவதால் அந்தப் பெயர். நடுச்சதுரத்தை வழக்கமாகச் சிவப்பில் வைத்து, அது குடிலின் அடுப்பு என்பார்கள். நம் தலையணையில் அடுப்பு இருந்த இடத்தில் மரம் நிற்கிறது.

இந்த எட்டாவது படியில் எதுவும் எதன் மேலும் ஒட்டப்படவில்லை. அடித்துணி என்று ஒன்றே கிடையாது. துண்டுகள் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து தாங்களே முழுத்துணி ஆகின்றன. இதைப் போய் ஒட்டு என்று சொன்னால், படிப்பவர் சதுரத்தின் மேல் பட்டையை வைத்துத் தைக்கத்தான் செய்வார். அவர் மேல் குற்றமில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

என் முன்மொழிவு மூட்டுத்தையல். இந்தச் சொல்லை நான் உருவாக்கவில்லை, தையல் கடையில் கேட்டதுதான். புதிதாக வாங்கிய கைலியைக் கொடுத்து ‘இதை மூட்டிக் கொடுங்கள்’ என்று சொல்கிறோம். ‘மூட்டிய கைலி’, ‘மூட்டாத கைலி’ என்று கடைக்காரரும் பிரித்துச் சொல்கிறார். இரண்டு ஓரங்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தால் அது மூட்டுதல். பேட்ச்வொர்க்கில் நடப்பது அதைத் தவிர வேறில்லை. கைலிக்கு ஒரு மூட்டு, இந்தத் தலையணை முகத்துக்குப் பன்னிரண்டு மூட்டுகள். ‘சிவப்புப் பட்டையைச் சதுரத்தோடு மூட்டவும்’ என்று எழுதினால் விளக்கக் குறிப்பே தேவைப்படாது. இரண்டு துணிகள் சேரும் கோட்டுக்கும் மூட்டு என்ற பெயர்ச்சொல் தானாகக் கிடைத்துவிடுகிறது. உள்ளே விடும் கால் அங்குலத்தை மூட்டுவிடுப்பு எனலாம்.

அந்தக் கால் அங்குலத்துக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு மூட்டிலும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது இரண்டு துணியிலும் குறையும்; அகலவாக்கில் ஆறு மூட்டுகள் இருப்பதால் மொத்தம் முக்கால் அங்குலம் போய்விடும். 18 அங்குலம் என்று நினைத்தது 17¼ ஆகிவிடும். பின்பக்கத் துணிகளை அளவுப்படி வெட்டி வைத்திருப்பவர் அங்கே திகைத்து நிற்பார். ரவிக்கை தைக்கும்போது ஒரு அங்குலம் வரைகூட உள்ளே விட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கண்டிப்பு புதிது. ‘தையலுக்குக் கொஞ்சம் விடவும்’ என்று எழுதக்கூடாது. மூட்டுவிடுப்பு கால் அங்குலம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றே எழுத வேண்டும்.

இனி எதிர்ப்புகள்.

> மூட்டு என்றதும் முழங்கால்தான் நினைவுக்கு வரும். தேடினால் மூட்டுவலி மருத்துவர்கள்தான் வருவார்கள்.

வரட்டும் தம்பி. எலும்புகள் சேருமிடமும் துணிகள் சேருமிடமும் ஒரே சொல்லால் சுட்டப்படுவது மொழியின் குறையல்ல, இரண்டு இடத்திலும் வினை ஒன்றுதான். தையல் குறிப்பைப் படிப்பவர் கையில் ஊசியும் நூலும் இருக்கின்றன. குழப்பம் வர வழியில்லை. தேடலுக்காக வேண்டுமானால் தலைப்பில் மட்டும் ‘துண்டு மூட்டுத்தையல்’ என்று நீட்டி எழுதலாம்.

கந்தைத்தையல் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வங்காளத்துக் காந்தா இருக்கிறதே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயர் கந்தையோடு உறவுடையதுதான். ஆனால் அது பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நூலோட்டித் தைப்பது. வேலையே வேறு. இங்கே நாம் வகுப்புக்கு வரும் பெண்களிடம் புதுத்துணி வாங்கி, அளந்து வெட்டி, பண்டிகைக்காகத் தைக்கச் சொல்கிறோம். அதற்குக் கந்தை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. துணுக்குத்தையல் கெட்டதில்லை, ஆனால் அதில் வினை இல்லை. துணுக்கை வைத்து ஒட்டவும் செய்யலாம், மூட்டவும் செய்யலாம். பழைய சிக்கல் அப்படியே இருக்கும்.

துன்னல் பற்றி அக்கா எழுதியதை மகிழ்ச்சியோடு படித்தேன். பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்திருந்த, வேற்றிழை நுழைந்த ‘துன்னற் சிதாஅர்’, அதாவது தைத்துச் சேர்த்த கந்தை, இந்தப் பேச்சில் வந்தே தீர வேண்டியதுதான். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் துன்னகாரரும் இருக்கிறார்கள். ஆனால் அக்கா, துன்னகாரர் என்றால் பொதுவாகத் தையற்காரர். தோலைத் தைப்பவர்களும் அங்கே துன்னர்தாம். பொதுச்சொல்லைச் சுருக்கி ஒரே ஒரு தையலுக்குக் கொடுப்பதென்றால், நான் ‘குவில்டிங்’குக்குக் கொடுப்பேன். முகத்துணி, நடுவில் பஞ்சுவிரிப்பு, அடித்துணி என்ற மூன்று அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு இழை நுழைந்து போகும் தையல் அது. துன்னுதலுக்கு நெருங்கிச் செறிதல் என்ற பொருளும் உண்டு; அடுக்குகளை நெருக்கிப் பிடிப்பதற்கு அது பொருந்தி வருகிறது. அக்கா ஒப்புக்கொண்டால் அதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

அக்கா கேட்ட இன்னொரு கேள்விதான் உண்மையில் கடினமானது:

> அடியில் துணி இருந்தால் ஒட்டு, இல்லாவிட்டால் மூட்டு என்கிறீர்கள். அடித்துணியின் மேல் வைத்தே பட்டைகளைச் சேர்க்கும் முறை இருக்கிறதே? எம்பிராய்டரிச் சட்டத்துக்குள்ளேயே இயந்திரம் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தைத்து மடக்கும் வடிவங்களும் விற்கிறார்களே? அவற்றை எதில் சேர்ப்பது?

இந்தக் கேள்விக்குப் பிறகு என் அளவுகோலைத் திருத்தியிருக்கிறேன். அடித்துணி இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, துண்டின் ஓரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மூட்டில் வெட்டிய ஓரம் மறுபக்கம் போய் ஒளிந்துகொள்கிறது. முகத்தில் தெரிவது இரண்டு துணிகள் சந்திக்கும் கோடு மட்டும். ஒட்டில் ஓரம் முகத்திலேயே, இன்னொரு துணியின் மேலேயே முடிகிறது. அதை மடித்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் நெருக்கத் தையலால் மூட வேண்டும். சட்டத்துக்குள் நடக்கும் வேலையை இப்படிப் பாருங்கள். முதல் பட்டையின் மேல் இரண்டாவதைக் கவிழ்த்து வைக்கிறோம், இயந்திரம் கோட்டில் தைக்கிறது, இரண்டாவதை விரித்து மடக்குகிறோம். ஓரம் உள்ளே போய்விட்டது. அடியில் துணியோ தாளோ இருந்தாலும் அது மூட்டுத்தான். அதை ‘அடித்துணி மூட்டு’ என்று பிரித்துச் சொன்னால் போதும்.

இதே அளவுகோலை நம் நாட்டு வேலைகள்மீது வைத்துப் பார்த்தேன். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வை, ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் துண்டு துண்டாக, ஓரங்களை மடித்து அடித்துணிமேல் நூலோட்டிக்கொண்டே போவது. ஓரம் முகத்தில் முடிகிறது, ஆகவே ஒட்டு. நூலோட்டம் அடுக்குகளையும் சேர்த்துப் பிடிப்பதால் அதே தையல் துன்னலும் ஆகிறது. சிந்து, கட்ச் பகுதிகளின் ரல்லிப் போர்வையில் மூட்டும் உண்டு, ஒட்டும் உண்டு. 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் பெரும் மோகமாகப் பரவிய ‘கிரேசி குவில்ட்’ போர்வை, ஒழுங்கற்ற பட்டு, வெல்வெட் துண்டுகளை அடித்துணியின் மேல் இணைத்து, இணைந்த கோடுகளின் மேலெல்லாம் கையால் பூத்தையல் போட்டது. துண்டுத்துணியும் எம்பிராய்டரியும் ஒரே தலையணையில் சேரும் வழக்கத்துக்கு அது நெருங்கிய மூதாதை. அங்கே கவிழ்த்துத் தைத்த இடமெல்லாம் மூட்டு, மேலே வைத்து மடித்த இடமெல்லாம் ஒட்டு. ஒரே போர்வைக்குள் இரண்டையும் இப்படிப் பிரித்துக்காட்ட முடிவதால்தான் இந்த அளவுகோலை நம்புகிறேன்.

ஒற்று பற்றிக் கேட்டிருந்தவருக்கு: மூட்டு, ஒட்டு இரண்டையும் பெயர்ச்சொல்லாகக் கொண்டு மூட்டுத்தையல், ஒட்டுத்தையல் என்று வல்லினம் மிக எழுதலாம். வினைத்தொகையாகக் கொண்டால் மிகாது. நாம் பெயராகவே கொள்வோம், இரண்டும் ஒரே வாய்ப்பாட்டில் நிற்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டுத்தையலில் இயந்திரம் போடும் மூன்று தையல்களுக்கு இடக்கோடு, பிடிதையல், கரைத்தையல். மூன்றாவதை ‘மூடுதையல்’ என்று முதலில் எழுதியிருந்தார்கள். மூட்டுக்குப் பக்கத்தில் அது காதைக் குழப்பும். சேலைக்கரை எல்லோருக்கும் தெரியும் என்பதால் கரைத்தையல் நல்லது. துணிக்கு அடியில் வைக்கும் ‘ஸ்டெபிலைசர்’ தாங்குதாள். கேன்வாஸ் என்று விட்டுவிடலாம் என்பதை ஏற்கவில்லை. ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கும் கேன்வாஸ் அங்கேயே இருந்துவிடும், இதில் தையலுக்கு வெளியே மிஞ்சுவதைத் தைத்தபின் கிழித்தோ வெட்டியோ நீரில் கரைத்தோ எடுக்கிறோம். படத்தை இயந்திரத்துக்கான கோப்பாக மாற்றுவதை ‘எண்ணிமமாக்கல்’ எனக்கூடாது. அந்தக் கோப்பில் படம் இல்லை, ஊசி எங்கே இறங்க வேண்டும் என்ற புள்ளிகளே இருக்கின்றன. எந்தத் திசையில், எவ்வளவு நெருக்கமாக, அடியில் என்ன தாங்கல் தையல் என்பதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அது ‘தையல்வரைவு’. எம்பிராய்டரி எம்பிராய்டரியாகவே இருக்கட்டும். சித்திரத்தையல் என்ற அழகான பழைய சொல்லை முன்னுரையில் ஒருமுறை பயன்படுத்துவோம். வரைவில் ஓரிடத்தில் இருக்கும் ‘விடுமுறைத் தலையணை’ உடனே மாற வேண்டியது. அமெரிக்கர்கள் ‘ஹாலிடே’ என்ற சொல்லால் இங்கே நவம்பர் நன்றியறிதல் நாளிலிருந்து புத்தாண்டு வரையிலான பண்டிகைக் காலத்தைக் குறிக்கிறார்கள். பண்டிகைத் தலையணை என்பதே சரி.

உறையின் பின்பக்கத்துக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ஜிப்போ பொத்தானோ இல்லாமல், இரண்டு துணிகள் நடுவில் 4 அங்குல அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்து, அந்த வாய் வழியாகத் தலையணையை நுழைக்கும் அமைப்பு. ‘கடித உறை முதுகு’ என்ற நேர்ப்பெயர்ப்பு ஒட்டவில்லை. இதைத் தைப்பவர்கள் உங்கள் ஊரில் கடையில் எப்படிக் கேட்டு வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள். பின்பக்கப் படிகளை அதுவரை நிறுத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
செய்முறை வரைவுக்காக