முதல் மிஷின், முதல் ஷிப்ட்: உற்பத்திப் பிரிவில் சேர்ந்தவர்களின் அனுபவங்கள்

காங்கயம் ரோடு
திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்த புதிதில் நடந்தது. இன்னும் மனத்தைக் குடைகிறது. துணியை ஓரம் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் ஊசி உடைந்தது. எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள், தெரிந்ததுதானே. நுனி மட்டும் கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்ததோ கைக்குழந்தைச் சட்டை. காந்தத்தை வைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்து தேடினோம். "மெட்டல் டிடெக்டரில் மாட்டிக்கொள்ளும், லைனை ஓட்டுங்கள்" என்று மற்ற டெய்லர்கள் கத்தினார்கள். தைத்த அக்கா மட்டும் பீஸ் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பீஸின் தையலையும் கட்டை விரலால் அழுத்தித் தடவிக்கொண்டே வந்தார். ஊசி நுனி கழுத்து ரிப்பில், அதாவது கழுத்துப் பட்டியில் இருந்தது. விரலில் குத்தித்தான் தெரிந்தது. "இது பிள்ளையின் கழுத்தில் ஏறியிருக்குமே" என்றார். ஓடிவந்த சூப்பர்வைசர் கேட்டது, இன்று எத்தனை பீஸ் குறையும் என்று!

அனுப்பர்பாளையம்
கத்திய டெய்லர்களைக் குறை சொல்லாதீர்கள். தைத்த பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பீஸ் ரேட்காரருக்கு லைன் நின்றால் கூலியும் நின்றுவிடும். தேடும் நேரத்துக்குக் கம்பெனி கூலி கொடுத்திருந்தால் அவர்களும் குனிந்து தேடியிருப்பார்கள். எனக்குத் தொழில் கொடுத்தவர் அப்படிப்பட்ட ஒரு பேட்லாக் (ஓரம் மடித்துத் தைக்கும் மிஷின்) டெய்லர்தான். சாப்பாட்டு இடைவேளையில் தன் மிஷினில் உட்காரவைத்து, நூலைக் கழற்றிவிட்டு, வேஸ்ட் துணியில் ஓட்டச் சொன்னார். துணியில் ஊசித் துளைகள் நேராக விழுந்த அன்று, "நாளைக்கு நூல் கோக்கலாம்" என்றார். கைமடியாக நுழைந்து, கண் பார்த்துக் கை பழகுவதுதான் இங்கே வழி. மிஷின் ஓட்டப் பழக, பணம் கட்டி எங்கும் போக வேண்டாம்.

காங்கயம் ரோடு
அந்த அக்காவும் பீஸ் ரேட்தான் அண்ணா.

ஒரகடம் ஃபிட்டர்
என் கதை சின்னது. ஐ.டி.ஐ. முடித்து, ஒரு உதிரிபாகக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், அதாவது தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரிவில், காண்டிராக்டில் சேர்ந்தேன். முதல் நாள் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்தவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அந்தக் கையாலேயே பட்டனைக் காட்டினார். "இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும் தம்பி. ஒரு பட்டனை அழுத்தியபடி டேப் ஒட்டியிருந்தால் அந்த மிஷினில் நிற்காதே. யார் சொன்னாலும் நிற்காதே."

புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கேட்டில் நிற்கும் ஏஜெண்டிடம் வேலைக்கென்று பணம் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழைக் காட்டுங்கள், ஒப்படைக்காதீர்கள். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை உங்கள் சொந்தக் கைபேசி எண்ணோடு இணையுங்கள். காண்டிராக்டர் தன் எண்ணைக் கொடுத்துவிட்டால் பிறகு பணம் எடுக்க அலைய வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டால் சேர்ந்த அன்றே என்றாலும் பலன் உண்டு, ஆகவே காப்பீட்டு எண்ணை முதல் வாரமே கேட்டு வாங்குங்கள். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. சம்பளச் சீட்டில் அது தனியாக வருகிறதா என்று பாருங்கள். காண்டிராக்டை விட அப்ரண்டிஸ் எவ்வளவோ மேல், கிடைத்தால் விடாதீர்கள்.

இருங்காட்டுக்கோட்டை
கடைசி வரியை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் தொழிலாளியே அல்ல, பயிற்சியாளர். வருவது உதவித்தொகைதான், நீங்கள் சொன்ன பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கிடையாது. நாங்கள் நிரந்தரத் தொழிலாளர்களோடு அதே லைனில், அதே இரவு ஷிப்டில் நின்றோம். பயிற்சி முடிந்த நாளில் கேட்டிலேயே அடையாள அட்டையையும் ஷூவையும் கழற்றி வாங்கினார்கள். உள்ளே நுழையக் காத்திருந்த அடுத்த பேட்ச் பையனுக்கு என் கண் முன்னாலேயே அந்த ஷூவை அளவு பார்த்துக் கொடுத்தார்கள். வேலையில் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. தம்பிகளே, எந்தப் பெயரில் எடுக்கிறார்கள் என்று கடிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்குமா என்று அப்போதே கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ஃபிட்டர் அண்ணன் சொல்லும் காண்டிராக்டே மேல், அங்கே பி.எஃப். பணமாவது சேரும்.